ஊட்டி வீட்டுக்குள் பிலோடென்ட்ரான் ஏன் மஞ்சளாகிறது?

கேள்வி: கோவையிலிருந்து ஜூலை மாதம் ஊட்டிக்கு மாற்றலாகி வந்தோம். அங்கே பால்கனியில் கொழுகொழுவென்று வளர்ந்த பிலோடென்ட்ரான் கொடி (இதய வடிவ இலை) இங்கே வந்ததிலிருந்து ஒவ்வொரு இலையாக மஞ்சளாகி விழுகிறது. புது இலை வந்து இரண்டு மாதமாகிறது. அங்கே ஊற்றிய மாதிரியேதான் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுகிறேன், காலையில் இலைமேலும் தெளிக்கிறேன். உரமும் வைத்துப் பார்த்துவிட்டேன். இப்போது நவம்பர். பனி விழுவதற்குள் காப்பாற்ற முடியுமா? வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தையும் ஒரு பூனையும் இருக்கின்றன. இது விஷச் செடி என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், உண்மையா?

பதில்:

காப்பாற்றலாம். முதலில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள், தெளிப்பதையும் நிறுத்துங்கள், உரத்தை மார்ச் மாதம் வரை தொடாதீர்கள். மீதியை நிதானமாகப் பேசலாம்.

குன்னூரில் வீட்டுக்குப் பின்னால் சின்னதாக நர்சரி வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சமவெளியிலிருந்து மலைக்குக் குடிவருபவர்கள் கொண்டுவரும் செடிகளில் பாதி, முதல் வருடத்திலேயே இப்படித்தான் போகிறது. எல்லோரும் சொல்வதும் ஒன்றுதான்: "அங்கே செய்ததைத்தான் இங்கேயும் செய்கிறேன்." கோளாறே அங்கேதான் இருக்கிறது. கோவையில் சரியாக இருந்த தண்ணீர், ஊட்டியில் அந்தச் செடிக்கு நான்கு மடங்கு.

செடி தண்ணீரைத் தானாகக் குடிப்பதில்லை. இலை வழியாக நீராவி போகப் போக, கீழேயிருந்து வேர் இழுத்துக்கொடுக்கிறது. வெளிச்சமும் வெப்பமும் இருந்தால் இலை வேகமாக ஆவியாக்கும். கோவையில் 30 டிகிரியில் அது நாள் முழுக்க நடக்கும். ஜூலை, ஆகஸ்டில் ஊட்டியில் மூடுபனி இறங்கி, பகலிலேயே விளக்குப் போடும்படி இருக்கும்போது, வீட்டுக்குள் 15 டிகிரி இருந்தால் அதிகம். அந்த நிலையில் செடி தண்ணீரை ஏறக்குறைய தொடுவதே இல்லை. நீங்கள் ஊற்றியது அப்படியே தொட்டியில் நின்றிருக்கும். மண்ணின் சிறு சிறு சந்துகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேருக்கு மூச்சில்லை. மூச்சில்லாத வேரை அழுகல் பூஞ்சை பிடிக்கும். வேர் போனால் மேலே இலைக்குத் தண்ணீர் ஏறாது, இலை துவளும். துவண்ட இலையைப் பார்த்து, பாவம் தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு குவளை ஊற்றுவோம். எத்தனையோ நல்ல செடிகள் இந்த ஒரு குவளையில்தான் போயிருக்கின்றன.

இந்தச் செடி எங்கே பிறந்தது என்று தெரிந்தால் பாதி வளர்ப்பு புரிந்துவிடும். பிலோடென்ட்ரான் இனம் முழுவதும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப மண்டலக் காடுகளைச் சேர்ந்தது. உங்களிடம் இருக்கும் இதய இலைக் கொடி மெக்சிகோவிலிருந்து கரீபியன் தீவுகள், பிரேசில் வரை பரவியிருக்கிறது. கிரேக்க மொழியில் 'மரத்தை நேசிப்பது' என்பதுதான் பெயருக்குப் பொருள். மரத்தைப் பற்றி ஏறி, கணுவுக்குக் கணு வேர் விட்டுப் பட்டையைப் பிடித்துக்கொள்ளும். காட்டில் பெருமழை பெய்தாலும் பட்டையில் ஒட்டிய வேரில் தண்ணீர் வழிந்தோடிவிடும், கொஞ்ச நேரத்தில் காற்றுப்பட்டு உலர்ந்துவிடும். நனைந்து நனைந்து காய்வது இதன் வேருக்குப் பழக்கம். நனைந்தபடியே நாள்கணக்கில் நிற்பது இதன் பரம்பரைக்கே தெரியாத விஷயம்.

வீட்டுச்செடி பற்றி நாம் படிப்பதில் பெரும்பகுதி இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று, குளிர்காலத்தில் வீடு முழுக்க ஹீட்டர் ஓடும் நாடுகள். அங்கே வீட்டுக்காற்று அப்பளம் போலக் காய்ந்து கிடக்கும், அதனால் இலைமேல் தண்ணீர் தெளியுங்கள் என்பார்கள். இன்னொன்று நம் சமவெளி ஊர்கள். அங்கே வெயில் கொளுத்தும், அதனால் நிழலில் வையுங்கள் என்பார்கள். ஊட்டி இரண்டிலும் சேராது. இங்கே காற்றில் ஈரம் தாராளமாக இருக்கிறது, குறைச்சல் வெப்பமும் வெளிச்சமும்தான். ஆகவே இரண்டு அறிவுரையையும் திருப்பிப் போடுங்கள்: தெளிக்க வேண்டாம், வெளிச்சத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். குளிரில் இலைமேல் நிற்கும் தண்ணீர் மாலைவரை காயாது, அந்த இடத்தில்தான் பழுப்புப் புள்ளியும் மஞ்சள் வளையமும் விழும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்து பார்த்தால் இலை நுனியில் முத்து மாதிரி ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கும். பனித்துளி என்று பலர் சந்தோஷப்படுவார்கள். மண்ணில் ஈரம் மிகுந்து, இரவில் ஆவியாக வழியில்லாமல், செடி நுனி வழியாக வெளியே தள்ளும் நீர் அது. எப்போதாவது வந்தால் கவலையில்லை. தினமும் வந்தால் தொட்டியில் ஈரம் அதிகம் என்று செடியே சொல்கிறது.

சரி, இந்த வாரம் செய்ய வேண்டிய வேலை. வெயில் வரும் ஒரு பகல் பார்த்து, பழைய செய்தித்தாளை விரித்துச் செடியைத் தொட்டியிலிருந்து எடுங்கள். கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள். தொட்டியைச் சாய்த்து, பக்கவாட்டில் தட்டினால் மண்கட்டியோடு வழுக்கி வரும். முதலில் மூக்குக்கு வேலை கொடுங்கள். நல்ல வேர்மண்ணில் மழை பெய்த தோட்டத்து வாசனை இருக்கும், அழுகல் பிடித்ததில் சாக்கடை வாடை வரும். பிறகு விரலால் மண்ணை உதிர்த்து, ஒவ்வொரு வேராகத் தொட்டுப் பாருங்கள். உயிருள்ள வேர் வெளிறிய மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இருக்கும், அழுத்தினால் கெட்டியாக எதிர்க்கும். செத்த வேர் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும், இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால், ஊறவைத்த மொச்சையின் தோல் கழல்கிற மாதிரி மேல்தோல் வழுக்கிக் கையோடு வந்துவிடும், உள்ளே ஒரு நூல் மட்டும் மிஞ்சும். இந்த நூலைப் பார்த்தபின் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

செத்ததையெல்லாம் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். கத்தரிக்கோலைச் சானிடைசரால் துடைத்துக்கொள்ளுங்கள், நடுவிலும் ஒருமுறை துடையுங்கள். நல்ல வேர் கால்பங்கு மிஞ்சினாலும் போதும், பிழைத்துவிடும். வெட்டிய செடியை நிழலில் ஒரு மணி நேரம் அப்படியே கிடக்கவிடுங்கள், வெட்டுக்காயம் உலரட்டும். அதற்குள் கலவையைத் தயார் செய்யலாம்.

தோட்டத்து மண் வேண்டாம். நீலகிரியின் மண் களி கலந்த செம்மண், தேயிலைக்குத் தோதான புளிப்பு மண். மலைச்சரிவில் தண்ணீர் வழிந்தோடும் வரை அது நல்ல மண்தான். அதையே தொட்டியில் அள்ளிப்போட்டால் நாலு தண்ணீரில் இறுகிச் செங்கல்லாகிவிடும். நான் வைத்திருக்கும் கணக்கு: தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, கழுவிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு, பெர்லைட் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்) ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. பெர்லைட் கிடைக்காவிட்டால் அடுப்புக்கரியைக் கடலைப்பருப்பு அளவுக்கு உடைத்துப் போடுங்கள், அதே வேலையைச் செய்யும். பொள்ளாச்சிப் பக்கத்துக் கோகோபீட் கட்டி எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது, ஆனால் அதில் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்து, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி இரண்டு முறை கழுவுங்கள். இதைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டால் இலை ஓரம் தீய்ந்த மாதிரி பழுப்பாகும், காரணம் தெரியாமல் அலைவோம்.

இலைமட்கு சேர்க்க ஆசைப்பட்டால் சில்வர் ஓக் இலை மட்கியது நல்லது, தேயிலைத் தோட்டமெல்லாம் கொட்டிக் கிடக்கும். தைல மரத்து இலை மட்டும் கூடாது. அதிலுள்ள எண்ணெய்ப் பொருள்கள் மற்றச் செடிகளின் வேரை அடக்கும். தைல மரத்துக்கடியில் எவ்வளவு புல் முளைக்கிறது என்று பார்த்தாலே தெரியும். சோலைக்காட்டுக்குள் போய்க் கறுப்பு மண்ணும் பாசியும் அள்ளிவருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சோலையின் மேல்மண்தான் மழையைப் பிடித்துவைத்து ஓடைக்கு விடுகிறது. ஒரு தொட்டிக்காக அதைச் சுரண்டுவது சட்டத்துக்கும் விரோதம், எனக்கு மனசுக்கும் ஒப்பாது. கொடி ஏற்றுவதற்கு மரப்பெரணித் தண்டை அறுத்து விற்பவர்களிடமும் வாங்காதீர்கள். அது மெதுவாக வளரும் மரம், உலக வணிகத்திலேயே கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். தென்னை நார் சுற்றிய கம்பு போதும்.

தொட்டி விஷயத்தில் நான் சொல்வது பலருக்குப் புதிதாக இருக்கும். சமவெளியில் மண் தொட்டிதான் உசத்தி. ஊட்டிக் குளிரில் வீட்டுக்குள் வைக்கும் பிலோடென்ட்ரானுக்கு நான் பிளாஸ்டிக் தொட்டியைத்தான் சொல்வேன். மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? சுவர் வழியாக ஈரம் கசிந்து ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தையும் எடுத்துப்போகிறது. வெயிலூரில் அது வரம், இங்கே அதே பானை வேரைக் குளிர்விக்கும் பெட்டியாகிவிடும். பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் இருக்கும் ஓட்டைகள் போதாது, பழுத்த கம்பியால் பக்கத்திலும் நாலைந்து போடுங்கள். காற்றைக் கலவையும் ஓட்டையும் பார்த்துக்கொள்ளும். அளவு, வெட்டிய வேர்க்கட்டியைவிட இரண்டு விரல் அகலம் மட்டும் கூடுதல். பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண்ணெல்லாம் வெறுமனே நனைந்து கிடக்கும். அழகுக்காக ஓட்டையில்லாத பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைத்திருந்தால், அதன் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று இன்றே தூக்கிப் பாருங்கள்.

நட்டபின் ஒரே ஒருமுறை தண்ணீர். அதுவும் குழாயிலிருந்து நேராக அல்ல. மொட்டைமாடித் தொட்டியில் இரவெல்லாம் குளிர்ந்த தண்ணீர் நம் கையையே மரத்துப்போக வைக்கிறது, வேருக்கு எப்படியிருக்கும்? முந்தைய இரவே ஒரு வாளியில் பிடித்துச் சமையலறையில் வைத்துவிட்டு, மறுநாள் பகல் பதினொரு மணிக்குமேல் ஊற்றுங்கள். மாலையில் ஊற்றும் வழக்கம் கோவையோடு போகட்டும்.

அடுத்த தண்ணீர் எப்போது? நாள் கணக்கு சொல்ல எனக்கு விருப்பமில்லை, கேட்பவர்கள் விடுவதில்லை என்பதால் என் வீட்டு அனுபவத்தைச் சொல்கிறேன். மார்ச், ஏப்ரலில் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை. தென்மேற்கு மழை நாட்களில் பன்னிரண்டு, பதினைந்து நாள்கூட ஆகும். டிசம்பர், ஜனவரியில் வெயில் இருந்தால் பத்து நாள். உங்கள் வீட்டில் இது மாறும். ஆகவே எடையை நம்புங்கள். தண்ணீர் ஊற்றி வடிந்தபின் தொட்டியை ஒருமுறை தூக்கிப் பாருங்கள், கைக்கு அந்தக் கனம் ஞாபகம் இருக்கும். பிறகு வாரம் இரண்டுமுறை தூக்கிப் பாருங்கள். ஒருநாள், அட, காலித் தொட்டி மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். அன்றைக்கும் ஊற்றாமல் இன்னும் இரண்டு நாள் கழித்து ஊற்றுங்கள். குளிர்காலத்தில் ஒருவாரம் தாமதமாக ஊற்றியதால் இந்தச் செடி செத்ததை நான் பார்த்ததில்லை.

இனி இடம். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். ஜனவரி இரவுகளில் 5 டிகிரிக்குப் போவது சாதாரணம், உறைபனி விழும் இரவுகளில் பள்ளமான புல்வெளிகளில் பூஜ்ஜியத்தையும் தொடும். இதய இலைக் கொடிக்கு 18 முதல் 27 டிகிரி வரை சுகம். 13-க்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும். 10-க்குக் கீழே பல மணி நேரம் இருந்தால் இலையில் கறுத்த ஈரத்திட்டுகள் விழ ஆரம்பிக்கும். பிரிட்டிஷ் காலத்தில், 1848-ல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் கையில் உருவாகத் தொடங்கிய ஊட்டித் தாவரவியல் பூங்காவிலும் மென்மையான செடிகளுக்கென்று கண்ணாடி மாளிகை இருக்கிறது, போய்ப் பாருங்கள். இந்த ஊர்க் குளிர் எல்லாச் செடிக்கும் ஒத்துவராது என்பது அங்கே நுழைந்ததும் கதகதப்பில் தெரியும்.

உங்கள் வீட்டில் மிகவும் வெதுவெதுப்பான இடம் சமையலறை. கிழக்கு அல்லது தெற்குப் பக்க ஜன்னல் அங்கே இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மார்ச் வரை செடிக்கு அதுதான் வீடு. இல்லாவிட்டால் கூடத்து ஜன்னல். சிவப்பு சிமெண்ட் தரையிலோ டைல்ஸிலோ தொட்டியை வைக்காதீர்கள், தரையின் குளிர் நேராக வேருக்கு ஏறும். மர முக்காலியில் வையுங்கள், தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மாகோல் துண்டு போடுங்கள். இரவில் ஜன்னல் கண்ணாடியை இலை தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. கண்ணாடி ஒட்டிய இடம் மட்டும் காலையில் கறுத்திருக்கும். மாலையில் திரையைப் போட்டு, செடி திரைக்கு இந்தப் பக்கம், அறைக்குள் இருக்கிற மாதிரி ஒரு அடி உள்ளே நகர்த்துங்கள். காலையில் மறுபடி ஜன்னலோரம். நாளுக்கு இரண்டு முறை நகர்த்துவது பெரிய வேலையாகத் தோன்றும், டிசம்பர், ஜனவரி இரண்டு மாதம்தான்.

குளிர் காய்கிற கணப்புக்குப் பக்கத்திலும் ரூம் ஹீட்டருக்கு எதிரிலும் வேண்டாம். ஒரு பக்கம் வறண்டு, ஓரம் கருகும். மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டும் பழக்கம் இருந்தால் செடிக்காக இல்லாவிட்டாலும் உங்களுக்காக, அந்தக் குழந்தைக்காக நிறுத்துங்கள். அந்தப் புகையற்ற விஷக்காற்று மலைவீடுகளில் உயிரையே எடுத்திருக்கிறது.

வெளிச்சம் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் வெயிலில் நின்றால் சுள்ளென்று சுடும், ஒரு அடி தள்ளி நிழலில் நின்றால் குளிரும். மலை உயரத்தில் வெயிலின் கூர்மை அதிகம். டிசம்பர்க் காலை வெயில் இரண்டு மணி நேரம் இலைமேல் நேராகப் பட்டால் நல்லதுதான். மார்ச், ஏப்ரல் நண்பகல் வெயில் பட்டால் இலை வெளுத்துத் தீய்ந்துவிடும். அப்போது மெல்லிய வெள்ளைத் திரை போதும். கொடியில் இரண்டு இலைக்கு நடுவே உள்ள தண்டு நீண்டு நீண்டு, இலை சிறுத்துக்கொண்டே போனால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம்.

இதையெல்லாம் நான் கற்றது நஷ்டப்பட்டுத்தான். நர்சரி தொடங்கிய புதிதில், கீழே ஒரு பண்ணையிலிருந்து பன்னிரண்டு வெல்வெட் இலைச் செடிகள் வாங்கிவந்தேன். மலையில் நன்றாக வரும், குளிர்ச்சி பிடிக்கும் என்று சொல்லி விற்றார்கள். கண்ணாடி வராண்டாவில் வரிசையாக வைத்தேன். அந்த வருடம் ஐப்பசி மழை பதினைந்து நாள் விடாமல் அடித்தது, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழைதான் பெரிய மழை. ஈரம் இருக்கட்டுமே என்று நான் வேறு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தை பிறப்பதற்குள் பதினொன்று போயின. மிஞ்சிய ஒன்று, இடமில்லாமல் சமையலறையில் பிரிட்ஜ்மேல் தூக்கி வைத்திருந்தது. பிரிட்ஜின் சூடும், உயரத்தில் இருந்ததால் நான் தண்ணீர் ஊற்ற மறந்ததும் சேர்ந்து அதைக் காப்பாற்றின. அந்தச் செடியின் கிளைகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

அதனால் இனிமேல் செடி வாங்கும்போது வகையைப் பார்த்து வாங்குங்கள். மெலனோகிரைசம், குளோரியோசம், மிகான்ஸ் போன்ற வெல்வெட் இலைகள் ஊட்டிக்கு வேண்டாம், கூடலூர் போன்ற தாழ்ந்த, வெதுவெதுப்பான இடத்தில் இருப்பவர்கள் ஆசைப்படலாம். ரோஸ் திட்டு விழும் பிங்க் பிரின்சஸ் விலைக்கு இங்கே கட்டுப்படியாகாது, மழைக்கால இருட்டில் அந்த ரோஸ் நிறமே மங்கிவிடும். பெரிய வெட்டிலை கொண்ட செல்லோம்தான் மலைக்கு ஏற்ற ஆள். கொஞ்சம் குளிரைத் தாங்கும், குன்னூரில் சுவரோர மறைவில் வெளியிலேயே நிற்கும். தாவரவியலாளர்கள் 2018-ல் அதையும் அதன் உறவான சனாடு என்ற வகையையும் பிலோடென்ட்ரானிலிருந்து பிரித்துத் தவ்மட்டோபில்லம் என்று தனி இனமாக்கிவிட்டார்கள், நர்சரிகளில் பழைய பெயரே ஓடுகிறது. செல்லோம் பூக்கும்போது ஒரு அதிசயம் நடக்கும். பாளைக்குள் இருக்கும் வெள்ளைக் கதிர், தன்னிடமுள்ள கொழுப்பை எரித்து 40 டிகிரி அளவுக்குத் தானே சூடேறும், வெளியே காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்திருந்தாலும்கூட. அதன் ஊரில் மகரந்தம் சுமக்கும் வண்டுகளுக்கு அந்தச் சூடும் மணமும் அழைப்பு. நம் ஊரில் அந்த வண்டு இல்லை, ஆனாலும் பூத்த அன்று மாலை கதிருக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் கதகதப்பு தெரியும்.

உங்களிடம் இருப்பது மணி பிளான்ட் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள், இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். பிலோடென்ட்ரானில் புது இலை ஒரு மெல்லிய உறைக்குள் சுருண்டு வரும். பீடி அளவுக்கு நீண்டபின் உறை பிளந்து இலை வெளியே வரும், இரண்டு நாள் ஈர வெற்றிலை மாதிரி மினுங்கும், உறை வாடிக் காகிதம்போல் காய்ந்து விழும். மணி பிளான்ட்டில் இந்த உறை கிடையாது, முந்தைய இலையின் காம்பிலிருந்தே புதிது விரியும். காய்ந்த உறையைப் பூச்சி என்றோ அழுகல் என்றோ பயந்து பிய்க்க வேண்டாம், தானாக விழும்வரை விடுங்கள்.

பூச்சிகளில் மாவுப்பூச்சி ஒன்றைத்தான் முக்கியமாகச் சொல்வேன். இலைக்காம்பும் தண்டும் சேரும் இடுக்கில் பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், நாலு சொட்டு திரவ சோப்பு கலந்து வெயிலில்லாத பகல் நேரத்தில் தெளித்து, மாலைக்குள் காயவிடுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம். மண்ணில் சிறு கறுப்பு ஈக்கள் பறந்தால் மருந்தே வேண்டாம், மேல்மண் காய்ந்தால் போய்விடும். இலை பளபளக்கத் தேங்காய் எண்ணெய், பால் தடவுவது நம் வீடுகளில் வழக்கம். வேண்டாம், தூசி ஒட்டும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

இப்போது குழந்தைக்கும் பூனைக்கும் வருகிறேன். பக்கத்து வீட்டில் சொன்னது உண்மை. ஆனால் பயப்படுவதைவிடப் புரிந்துகொள்வது நல்லது. பிலோடென்ட்ரான், சேம்பு, சேனை, கருணைக்கிழங்கு எல்லாம் ஒரே குடும்பம். நம் ஊர் ஓடைக்கரையில் வெள்ளையாகப் பூத்து நிற்கும் ஆரம் லில்லியும் அந்தக் குடும்பம்தான். சரியாக வேகாத கருணையைத் தின்றால் நாக்கும் தொண்டையும் அரிக்குமே, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் இதன் இலையிலும் தண்டிலும் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தப் படிக ஊசிகள் வாய்த்தோலில் குத்தி எரியும், உமிழ்நீர் வழியும், உதடு வீங்கும். முதல் கடியிலேயே எரிவதால் யாரும் நிறையத் தின்பதில்லை. குழந்தை கடித்துவிட்டால் வாயிலிருப்பதை எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் குளிர்ந்த பாலோ தயிரோ கொடுங்கள். வீக்கம் ஏறினாலோ மூச்சுக்குத் திணறினாலோ விழுங்கச் சிரமப்பட்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பூனை கடித்தாலும் கால்நடை மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். ஒன்றரை வயது என்பது கைக்கு எட்டியதெல்லாம் வாய்க்குப் போகிற வயது. முக்காலி போதாது, கொடியின் நுனிகூடத் தொங்கி எட்டாத உயரத்தில் பலகை அடித்து வையுங்கள். முடியாவிட்டால் குழந்தை வளரும்வரை செடியை யாரிடமாவது கொடுத்துவைப்பதுதான் சரி. நீங்கள் வெட்டும்போது, சேனை நறுக்கக் கையில் எண்ணெய் தடவுவோமே, அதுபோலத் தடவிக்கொள்ளுங்கள் அல்லது கையுறை போடுங்கள்.

கடைசியாக, காப்புக்கு ஒரு வழி. வேர் எவ்வளவு மோசமாக இருந்தாலும் கொடியின் மேல்பகுதி பச்சையாக இருக்கும்வரை செடி உங்கள் கையில்தான் இருக்கிறது. இலையும், இலையடியில் கணுவும், கணுவில் சிறு மொட்டுபோல் வேர் முனையும் இருக்கும் துண்டாகப் பார்த்து மூன்று வெட்டுங்கள். கணு இல்லாத வெறும் இலை தண்ணீரில் மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும், செடியாகாது. துண்டுகளைக் கண்ணாடிப் புட்டியில், கணு மூழ்கும் அளவு தண்ணீரில் வைத்து, பிரிட்ஜ்மேல் வெளிச்சம் விழும் பக்கம் வையுங்கள். நாலு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள், மாற்றும் தண்ணீரும் அறைச்சூட்டில் இருக்கட்டும். கோவையில் மூன்று வாரத்தில் வேர் விடும். இங்கே இந்த மாதத்தில் ஆறு, எட்டு வாரம்கூட ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாய்ச்செடியில் பொங்கல்வரை ஒன்றும் நடக்காது. இலை இன்னும் ஒன்றிரண்டு மஞ்சளாகி விழலாம், அது பழைய சேதத்தின் கணக்கு. மாசி பாதியில் பகல் வெயில் சூடேறும்போது நுனியில் பச்சை உறை ஒன்று கூராக நீளும். அது விரிந்து, முந்தைய இலையைவிடப் பெரிதாக இருந்தால் வேர் பிடித்துவிட்டது. 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக இருப்பது) ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம் வீதம், நனைந்த மண்ணில், மாதம் ஒருமுறை அப்போது தொடங்குங்கள். சிறியதாக வந்தால் உரம் வேண்டாம், ஜன்னலுக்கு இன்னும் ஒரு அடி பக்கத்தில் நகர்த்திவிட்டு அடுத்த இலைக்குக் காத்திருங்கள்.